காரை விற்காமல் வந்தது

நான் இரண்டு வருடம் வடக்கு நோர்வேயில் தனியாக இருந்தேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் கணவரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எங்களுக்குள் ஏதோ பிரச்சினை என்று நினைத்துக்கொள்வார்கள். பிரச்சினை வேலைதான். முதியோர் பராமரிப்புப் படிப்பை முடித்த பிறகும் ஒஸ்லோவில் எனக்குக் கிடைத்தது ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி ஞாயிறு வேலையும், யாருக்காவது சுகமில்லை என்றால் விடியக்காலையில் வரும் தொலைபேசி அழைப்பும்தான். வடகோடியில் ஃபின்மார்க் மாகாணத்தில், கடலோரத்துச் சிற்றூர் ஒன்றின் முதியோர் இல்லத்தில் முழுநேர வேலை இருந்தது. இருக்க வீடும் தருவதாகச் சொன்னார்கள். கணவர் ஒஸ்லோவில் நாங்கள் இருந்த ஹொல்ம்லியாவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தார். எங்கள் ஒரே மகள் இடைநிலைப் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

"ஒரு வருசம் போயிட்டு வாரும். நாங்கள் சமாளிப்பம்" என்று கணவர் சொன்னார்.

ஒரு வருடம் இரண்டானது.

அந்த ஊரில் பேருந்து காலையில் ஒரு தடவை வரும், பின்னேரம் ஒரு தடவை திரும்பும். என் வேலை நேரமோ அதோடு ஒத்துவராது. அதனால் அங்கேயே கார் ஓட்டப் பழகினேன். பனியில் வழுக்கினால் என்ன செய்வது என்பதைத்தான் முதலில் படித்தேன், வெறும் தாரில் ஓட்டுவது பிறகுதான் வந்தது. முதல் தடவையிலேயே அனுமதிப்பத்திரம் கிடைத்தது. கணவர் ஒஸ்லோவில் இரண்டு தரம் முயன்று தவறவிட்டு, பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டவர். "ஹொல்ம்லியாவிலை ரெயின் இருக்கு, எனக்கு என்னத்துக்குக் கார்" என்பார். ஆகவே என் வெற்றியைப் பற்றி வீட்டில் யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. கூட வேலை செய்த ஒருத்தியிடம் பழைய சிவப்புக் கார் ஒன்றை வாங்கினேன். பின்பக்கம் நீளமான வகை. கதவைச் சாத்தும்போது கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும்.

இரண்டாவது வருடத்து வசந்தத்தில் ஒஸ்லோவில் எனக்கு நிரந்தர வேலை ஒன்று கிடைத்தது. முழுநேரம் அல்ல, பாதிக்குக் கொஞ்சம் மேல். அதே வாரம் வடக்கில் என் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, உனக்கு இங்கே முழுநேர நிரந்தர வேலை தருகிறோம், குடும்பத்தையும் கூப்பிடு, வீடு பார்ப்பது எங்கள் பொறுப்பு, கோடை முடியுமுன் சொன்னால் போதும் என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு அதைச் சொல்லவில்லை. சொன்னால் அது ஒரு கேள்வியாக மாறிவிடும், கேள்விக்கு நான் பதில் வைத்திருக்க வேண்டும். என்னிடம் பதில் இருக்கவில்லை.

புறப்படும் நாள் கிட்ட வந்தபோது கணவர் தொலைபேசியில், "காரை அங்கையே வித்துப்போட்டு பிளேனிலை வாரும்" என்றார்.

"நான் காரிலை வாறன்."

"உமக்கென்ன விசரே? இவ்வளவு தூரம் ஆர் தனிய ஓடுறது?"

"எத்தினை பேர் ஓடுகினம்."

"அவையள் நோர்வேக்காரர்."

"றோட்டு எல்லாருக்கும் ஒண்டுதானே" என்றேன். அவர் தொலைபேசியை மகளிடம் கொடுத்துவிட்டார். அவள், "அம்மா, காரிலை பாட்டுக் கேக்கலாமோ?" என்று மட்டும் கேட்டாள்.

அது இலங்கையில் சண்டை ஓய்ந்து, ஊருக்குப் பாதை திறந்திருந்த காலம். அந்தக் கோடையில் ஹொல்ம்லியாவில் எங்களுக்குத் தெரிந்த பாதிப்பேர் யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் பறந்துகொண்டிருந்தார்கள். நான் நோர்வேயின் ஒரு நுனியிலிருந்து மறுபக்கத்துக்கு, இரவும் வெளிச்சமாக இருக்கும் ஜூன் மாதத்தில், காரின் பின்பக்கத்தில் போர்வைகள், சோற்றுப் பானை, குளிர்காலச் சில்லுகள் நான்கு, இல்லத்தில் எல்லோரும் சேர்ந்து தந்த உறைந்த மீன் பெட்டி ஒன்று ஆகியவற்றோடு கிளம்பினேன். கண்ணாடிக்குக் கீழே செபமாலையைத் தொங்கவிட்டிருந்தேன். கார் திரும்பும்போதெல்லாம் அது கண்ணுக்கு முன்னால் ஆடியதால் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன்.

முதல் நாளே கார் அடிபட்டது.

அல்தா நகரத்துக்கு முன்னால் மரமில்லாத ஒரு நீண்ட மேட்டு நிலம் உண்டு. தெரு நேராகப் போகும். இரண்டு பக்கமும் சதுப்பும் கல்லும். அங்கே கலைமான் கூட்டம் ஒன்று தெருவைக் கடந்தது. எனக்கு அது புதிதல்ல. காரை நிறுத்தி, இயந்திரத்தை ஓடவிட்டபடி, எல்லாம் கடக்கும்வரை இருந்தேன். கடைசி மானும் போய்விட்டது என்று மெதுவாக எடுத்து, கொஞ்சம் வேகம் பிடித்தேன். குட்டி ஒன்று பின்தங்கியிருந்ததை நான் காணவில்லை. தாய் கண்டிருக்கிறது. வலது பக்கத்துப் பள்ளத்திலிருந்து அது திரும்பத் தெருவுக்குப் பாய்ந்தது. பிரேக்கை அழுத்தினேன். சத்தம் பெரிதாக இல்லை. ஒரு மூட்டை விழுந்தது போல இருந்தது.

இறங்கிப் பார்த்தேன். மான் தெருவோரத்தில் கிடந்தது. பின்கால் முறிந்திருந்தது. எழும்பப் பார்த்து, முடியாமல், தலையை மட்டும் உயர்த்தி வைத்திருந்தது. பெண் கலைமானுக்கும் கொம்பு உண்டு; அது அப்போதுதான் முளைக்கத் தொடங்கி, மெத்தென்ற தோல் போர்த்திருந்தது. குட்டி தூரத்தில் நின்றது. காரின் முன்பக்கம் உள்ளே போய், ஒரு விளக்கு உடைந்து, கீழே பச்சை நிறத்தில் தண்ணீர் ஒழுகியது.

மிருகம் அடிபட்டால் பொலிசுக்குச் சொல்ல வேண்டும் என்று ஓட்டப் பழக்கியவர் சொல்லித் தந்திருந்தார். அழைத்தேன். மானின் சொந்தக்காரரை அனுப்புகிறோம், அங்கேயே நில் என்றார்கள். நின்றேன். இரண்டு வருடத்தில் எத்தனையோ பேரின் கடைசி மணித்தியாலங்களில் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்திருக்கிறேன். வாயைத் துடைத்திருக்கிறேன், தலையணையைச் சரிசெய்திருக்கிறேன். இந்த மானுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கிட்டப் போனால் அது மிரண்டு இன்னும் எழும்பப் பார்த்தது. அதனால் எட்ட ஒரு கல்லில் உட்கார்ந்து, அதைப் பார்க்காமல், ஆனால் அது கிடக்கும் பக்கமாகவே திரும்பி இருந்தேன்.

சதுப்பு நிலத்தின் மேலாக நாலு சில்லு மோட்டார் சைக்கிள் ஒன்றில் ஒரு பெண் வந்தாள். என் வயது இருக்கும். நீல மழைச்சட்டை, இடுப்பில் கத்தி. மான் வளர்க்கும் சாமி இனத்தவள். எனக்குத் தலையசைத்துவிட்டு நேரே மானிடம் போனாள். அதன் காதுகளைத் தடவிப் பார்த்தாள். காதின் ஓரத்தில் சிறு சிறு வெட்டுகள் இருந்தன. நான் பிறந்து வளர்ந்த தீவில் மாட்டுக்குக் குறி சுடுவார்கள், அதுபோலத்தான்.

"என்னுடையது இல்லை. தம்பியுடையது" என்றாள். பிறகு கத்தியை எடுத்தாள். நான் மறுபக்கம் திரும்பினேன். திரும்பவும் பார்த்தபோது வேலை முடிந்திருந்தது.

"குட்டி?" என்று கேட்டேன்.

"கூட்டத்தோடு சேர்ந்தால் சில நேரம் தப்பும். சில நேரம் இல்லை" என்றாள். என்னை ஆறுதல்படுத்த அவள் முயலவில்லை, குற்றம் சொல்லவும் இல்லை. அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

அவளும் நானும் நோர்வேஜிய மொழியில்தான் கதைத்தோம். அவளுக்கும் அது வீட்டு மொழி அல்ல. இருவரும் சொற்களைத் தேடித்தேடி, அவசரமில்லாமல் பேசினோம்.

"எங்கே போகிறாய்?"

"ஒஸ்லோவுக்கு. வீட்டுக்கு."

"இந்தக் காரிலா?"

"ஓம், இதில்தான்."

அவள் குனிந்து ஒழுகுவதைப் பார்த்தாள். "இது அல்தாவரைக்கும் போகாது" என்று சொல்லி, தெரிந்த யாரையோ தொலைபேசியில் அழைத்து, கயிறு கட்டி இழுக்கும் வண்டி ஒன்றை வரச் சொன்னாள். அது வரும்வரை தன்னுடைய பிளாஸ்கிலிருந்து எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தாள்.

"உன் கணவன் ஏன் உன்னோடு வரவில்லை?"

"அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது."

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "என் கணவனுக்கு மான் பிடிக்கத் தெரியாது. வங்கியில் வேலை. கூட்டத்துக்குள் விட்டால் மான்களுக்குத்தான் பயம்."

அல்தாவில் கார் திருத்துபவர், இயந்திரத்தைக் குளிர்விக்கும் ரேடியேற்றரை ட்ரொம்சோவிலிருந்து எடுப்பிக்க வேண்டும், சில நாட்கள் ஆகும் என்றார். நான் ஆற்றங்கரையில் வாடகைக்கு விடும் மரக்குடில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து வீட்டுக்கு அழைத்தேன்.

"மான் ஒண்டு அடிபட்டுப் போச்சு. எனக்கு ஒண்டுமில்லை. ஒரு சாமி வந்து எல்லாத்தையும் பாத்துத் தந்தவ."

"எந்தக் கோயில் சாமி?" என்று கணவர் கேட்டார்.

"கோயில் சாமியில்லை. மான் வளக்கிற ஆக்கள். பொம்பிளை."

"தலையிலை அடி கிடி பட்டதோ? உண்மையைச் சொல்லும்."

விளங்கப்படுத்த நேரம் எடுத்தது. விளங்கிய பிறகு அவர் சொன்னார், "காரை அங்கையே விட்டிட்டு பிளேன் எடும். அல்தாவிலை எயார்போட் இருக்குத்தானே."

"இல்லை. திருத்தி எடுத்துக்கொண்டு வாறன்."

"அந்தக் காரிலை அப்பிடி என்ன இருக்கு?"

"வாறன் எண்டு சொல்லீட்டன், வாறன்" என்றேன்.

உறைந்த மீன் உருகத் தொடங்கியிருந்தது. குடிலில் இரண்டு தட்டு அடுப்பு இருந்தது. என்னிடம் தூளும் வெங்காயமும் புளியும் இருந்தன. இருந்த மீன் முழுவதையும் குழம்பாக வைத்து, காலையும் மாலையும் சோற்றோடு அதையே சாப்பிட்டேன். பக்கத்துக் குடிலில் இருந்த ஒல்லாந்துத் தம்பதி வாசனைக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். மனைவி சாப்பிட்டாள், கணவன் ஒரு வாயோடு நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டான்.

மற்றபடி எனக்கு வேலை ஒன்றும் இல்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எனக்கு வீட்டுக்குப் போக அவசரம் இல்லை என்பது அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது. வடக்கில் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீடு நான் விட்டுப்போனபடியே இருக்கும். ஒரு கறி வைத்தால் போதும். யாரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. இருபத்திரண்டு வயதில் தீவிலிருந்த பெற்றோர் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, கொழும்பில் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்து, பிறகு கணவரோடு ஒஸ்லோவுக்கு வந்தவள் நான். தனியாக ஒரு சாவி வைத்திருந்தது வடக்கில் மட்டும்தான். மகளை நினைத்தால் நெஞ்சு இழுத்தது. கணவரை நினைத்தாலும் இழுத்தது. ஆனாலும் அவசரம் வரவில்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்க முடியும் என்று யோசித்தேன். இருந்தது, அவ்வளவுதான்.

காரைத் திருத்தித் தந்தவர், உடைந்த விளக்குக்குப் பதிலாக வேறொரு பழைய காரின் விளக்கைப் பொருத்தியிருந்தார். ஒரு கண் கொஞ்சம் மஞ்சள், மற்றது வெள்ளை. அப்படியே தெற்கே ஓட்டினேன்.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஃபியோர்டுகளின் ஓரமாகவே தெரு வளைந்து வளைந்து போனது. அக்கரையில் காலையில் பார்த்த வீட்டை மத்தியானம் இக்கரையிலிருந்து திரும்பவும் பார்த்தேன். நார்விக் நகரத்துக்குத் தெற்கே காரோடு படகில் ஏறிக் கடந்தேன். வடதுருவ வட்டத்தைக் கடக்கும் மேட்டில் பேருந்துகளில் வந்த ஆட்கள் கல் அடுக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கழிவறைக்குப் போய்விட்டு வெளிக்கிட்டேன். நித்திரை வந்தால் ஓரத்தில் நிறுத்தி, போர்வையால் கண்ணாடியை மறைத்துப் படுத்தேன். பெற்றோல் நிலையங்களில் கோப்பியும் ரொட்டியும். வானொலி சில பள்ளத்தாக்குகளில் கேட்கும், சிலவற்றில் கரகரக்கும். துரொன்ஹெய்மில், கார் ஓட்டத் தொடங்கிய பிறகு முதல் தடவையாக அடுத்தடுத்து சிக்னல் விளக்குகளைக் கண்டு தடுமாறி, தவறான தெருவில் திரும்பி, ஒரு மரக்கடையின் வாசலில் போய் நின்றேன். அங்கே மரம் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் வழி சொல்லி அனுப்பினார். டோவ்ர மலையில் மழை. மலை இறங்கிய பிறகு மரங்கள் உயரமாகிக்கொண்டே வந்தன. அவ்வளவு பச்சையை நான் மறந்துபோயிருந்தேன்.

லில்லஹாமரில் நிறுத்தி மகளை அழைத்தேன்.

"இண்டைக்கோ? நாளைக்கெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"றோட்டு நல்லா இருந்தது. பின்னேரம் வந்திடுவன்."

"சரி. அம்மா…" என்று இழுத்தாள். "ஒண்டுமில்லை. வீட்டை வந்து கதைப்பம்."

அந்தக் கடைசித் தூரத்தைத்தான் நான் சரியாக ஓட்டவில்லை. என்ன கதைக்க இருக்கிறது என்று யோசித்தபடி வந்ததில், இரண்டு இடத்தில் பின்னால் வந்தவர்கள் ஒலி எழுப்பிக் கடந்து போனார்கள்.

ஹொல்ம்லியாவில் எங்கள் கட்டடத்துக்கு முன்னால் மகள் நின்றாள். என்னைவிட உயர்ந்திருந்தாள். நத்தார் பண்டிகைக்கு வந்தபோதும் கண்டேன்தான், ஆனால் அப்போது அவள் சோபாவிலேயே படுத்திருந்ததால் தெரியவில்லை. கட்டிப்பிடித்துவிட்டு, "இது விருந்தாளிகள் விடுற இடம் அம்மா. ஒரு நாளுக்கு மேலை விடேலாது. எங்களுக்கெண்டு கார் விடுற பார்க்கெரிங் இல்லை, லிஸ்டிலை பேர் குடுக்கவேணும்" என்றாள். வந்தவுடன் கேட்ட முதல் செய்தி அது.

கணவர் சமைத்து வைத்திருந்தார். கத்தரிக்காயும் பருப்பும் பொரித்த மீனும். குசினியில் எல்லாம் இடம் மாறியிருந்தன. கரண்டியைத் தேடி நான் மூன்று இழுப்பறையைத் திறந்ததைப் பார்த்து அவர் எழுந்துவந்து எடுத்துத் தந்தார். தட்டுகளை எடுத்த பிறகு மகள்தான் தொடங்கினாள்.

"உங்கட ஷெஃப் போன் பண்ணினவ." மேலாளரைத்தான் சொன்னாள். "நீங்கள் சுகமா வந்து சேந்தனீங்களோ எண்டு கேட்டவ. பிறகு, அங்கை நிரந்தர வேலைக்குக் குடும்பத்தோடை வாறதைப் பற்றி யோசிச்சாச்சோ எண்டும் கேட்டவ. எனக்கு ஒண்டும் தெரியாது, சும்மா ஓம் ஓம் எண்டு சொன்னனான்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் அங்கை வரமாட்டன்" என்றாள் மகள். "என்ர பள்ளிக்கூடம், சிநேகிதங்கள் எல்லாம் இஞ்சை."

"உன்னை ஒருத்தரும் வரச்சொல்லேல்லை" என்றார் அவர். என் பக்கம் திரும்பாமலே, "உமக்குப் போக விருப்பமெண்டால் போம். நாங்கள் பழகீட்டம்" என்றார்.

"நான் கேட்டனானே?"

"கேக்கேல்லை. அதுதான் எங்களுக்கு விளங்கேல்லை. வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொல்லியிருப்பீர். வேணுமெண்டால் கேட்டிருப்பீர்."

அவர் சொன்னது சரி. களைப்பாக இருக்கிறது, நாளைக்குக் கதைப்போம் என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

அடுத்த நாள் காரை அந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. காலையில் சாவியோடு இறங்கினேன். கணவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார். வேறு இடம் பார்த்து விடத்தான் போகிறோம் என்று நினைத்தேன். அவர் முன் இருக்கையில் ஏறி, பெல்ற்றைப் போட்டுக்கொண்டு, "கொஞ்சத் தூரம் போவம்" என்றார்.

"எங்கை?"

"எங்கையெண்டாலும். திராமன் ரவுண் பக்கம் போவமே."

போனோம். முதல் பத்து நிமிடம் அவர் கதவுப் பிடியை விடவில்லை. சுரங்கப்பாதையில் நான் ஒரு பாரவண்டியைக் கடந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெல்லக் கையை மடியில் வைத்தார்.

"நீர் அங்கை சந்தோசமா இருந்தனீரோ?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். "ஓம்" என்றேன்.

அவர் தலையாட்டினார். திராமன் ஆறு தெரியத் தொடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நானும் இஞ்சை பரவாயில்லாமல்தான் இருந்தனான். நீர் இல்லாமல் ஏலாது எண்டு நினைச்சனான். ஆனா சமைக்கப் பழகீட்டன். பிள்ளை என்னோடை நிறையக் கதைச்சவள். முந்தியெல்லாம் உம்மோடைதானே கதைக்கிறவள். அதையும் உமக்குச் சொல்லாமல்தான் இருந்தனான்."

எனக்கு அது வலித்தது. அதேநேரம் பெரிய பாரம் ஒன்று இறங்கியதும் உண்மை. நான் இல்லாமல் இவர்கள் கஷ்டப்பட்டிருப்பார்கள் என்ற எண்ணம்தான் என்னை இத்தனை தூரமும் துரத்தி வந்திருக்கிறது. அது அவ்வளவு உண்மையில்லை என்று தெரிந்ததும், ஒஸ்லோவில் இருப்பதா வடக்கே போவதா என்பதை முதல் தடவையாக நிதானமாக யோசிக்க முடிந்தது. ஆற்றோரத்தில் காரை நிறுத்தி, ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டோம். மகள் வீட்டில் இருக்கப்போவது இன்னும் சில வருடங்கள்தான், அந்த வருடங்களில் நான் இங்கே இருக்க விரும்புகிறேன் என்று அவரிடம் சொன்னேன். கோடை விடுமுறையில் மட்டும் சில வாரங்கள் வடக்கே வேலைக்குப் போய்வர விரும்புகிறேன் என்றும் சொன்னேன்.

"சரி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "காரிலையோ?" என்று கேட்டார்.

"காரிலைதான்."

"மானைப் பாத்து ஓடும்" என்றார்.

அந்த வாரமே மேலாளரை அழைத்துச் சொன்னேன். அவருக்கு ஏமாற்றம்தான், ஆனால் கோடையில் ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால் சம்மதித்தார். ஒஸ்லோ வேலை மற்றவர்களின் நேரங்களையும் வாங்கிச் செய்து செய்து பிறகு முழுநேரமாயிற்று. அதற்குப் பிந்திய ஒவ்வொரு கோடையிலும், அந்தச் சிவப்புக் காரிலும் அது நின்றுபோன பிறகு வேறொரு காரிலும், வடக்கே போய்வந்தேன். கணவர் ஒரு தடவை விமானத்தில் வந்து, கடலைப் பார்த்துவிட்டு, குளிர் என்று சொல்லித் திரும்பினார். மகள் பள்ளிக்கூடம் முடித்த கோடையில் இல்லத்தின் சமையலறையில் வேலை கிடைத்து என்னோடு காரில் வந்தாள். வழி முழுவதும் தானே பாட்டுப் போடுவதாகச் சொல்லி ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகள் கொண்டுவந்தாள். ஒஸ்லோவைத் தாண்டியதும் நித்திரையானவள், துரொன்ஹெய்மில் சாப்பிட எழுப்பும்வரை எழும்பவில்லை.